தோல் குப்பை

“இன்னாங்க, மறுபடியும் மெசேஜா?”

“ஆமா. அதே எடம்தான். ஆனா கொஞ்சம் மேல காட்டுது.”

“மேலயும் காட்டும், கீழயும் காட்டும். ஆகாசத்துல இருந்து பாக்கறது, முன்னப்பின்னதான் இருக்கும். உக்காருங்க, சோறு ஆறுது.”

“ஒரு எட்டு போய் பாத்துட்டு வந்துடறனே பூர்ணி.”

“எனக்கு வாரத்துல ஒரு நாள்தான் லீவு. அன்னிக்கும் குப்ப மேடுதானா உங்களுக்கு? போங்க. அந்தக் குப்பகூடவே குடித்தனம் பண்ணுங்க.”

கோபி சிரித்துவிட்டான். நின்றபடியே கட்டைவிரலால் ‘தோல் குப்பை’ என்று தட்டி அனுப்பினான். போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தட்டின் முன் உட்கார்ந்தான். பூர்ணிமா அவன் தட்டில் பிரியாணியைப் போட்டு, பக்கத்தில் கத்திரிக்காயும் தயிர் வெங்காயமும் வைத்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர்கள் பேசிக்கொண்டது இவ்வளவுதான். அதற்குப் பிறகு பூர்ணிமா இந்தப் பேச்சை மனசுக்குள் எத்தனையோ தடவை ஓட்டிப் பார்த்துவிட்டாள். ஒவ்வொரு தடவையும் தன் வாய்க்கு வேறு வார்த்தையைக் கொடுத்துப் பார்ப்பாள். ‘சரி, சீக்கிரம் போய்ட்டு வாங்க’ என்று சொன்னால் போதும், கோபி எழுந்து போய்விடுவான். பைக் சத்தம் தெருமுனையில் திரும்பும். அதற்குமேல் அவளால் நினைக்க முடியாது.

கோபி காட்டிலாகாவில் வேட்டைத் தடுப்புக் காவலர். பேர்தான் பெரிது, வேலை தற்காலிகம். சேர்ந்த நாளிலிருந்து நிரந்தரம் ஆகும், நிரந்தரம் ஆகும் என்று காத்திருக்கிறான். மாசி முடிந்து வெயில் ஏறிவிட்டால் வேட்டையைத் தடுக்கிற வேலை போய்த் தீயைத் தடுக்கிற வேலை வந்துவிடும். காட்டில் எங்கே சூடு தெரிந்தாலும் மேலே சுற்றுகிற செயற்கைக்கோள் அதைப் பார்த்துவிடும். உடனே அந்தப் பக்கத்து ஆட்களின் போனுக்கு மெசேஜ் வரும். அவர்கள் போய்ப் பார்த்து, எரிவது என்ன என்று பதில் போட வேண்டும். நாடு முழுக்க எங்கெங்கே காடு எரிகிறது என்று ஒரு பெரிய திரையில் யாரோ பார்த்துக்கொண்டே இருக்கிறார்களாம். அந்தத் திரையில் குட்டைமேட்டுக்கு மேலே தெரியும் சிவப்புப் புள்ளி இருப்பதும் அழிவதும் கோபியின் கட்டைவிரலில் இருந்தது.

குட்டைமேடு ஆம்பூரிலிருந்து பேரணாம்பட்டுப் பக்கம் போகிற வழியில், மலையடிவாரத்தில் இருக்கிற ஊர். ஊருக்கும் காட்டுக்கும் நடுவே கைவிட்ட கல்குவாரி ஒன்று. ஆம்பூரில் செருப்பு, ஷூ தைக்கிற இடங்களில் வெட்டிக் கழித்த தோல் துண்டுகளையும், தோலைச் சீவும்போது உதிர்கிற தூளையும் டிராக்டரில் கொண்டுவந்து அதில் கொட்டுவார்கள். கொட்டக் கூடாது, கொட்டுவார்கள். குழி நிறைந்தால் நெருப்பு வைத்துவிட்டுப் போவார்கள். அது கொழுந்துவிட்டு எரியாது. நாள்கணக்கில் உள்ளுக்குள்ளேயே கனன்று, முடி கருகுகிற நாற்றத்தை ஊருக்குள் அனுப்பிக்கொண்டிருக்கும். கொடியில் காய்கிற துணியில்கூட அந்த நாற்றம் ஏறும்.

செயற்கைக்கோளுக்குத் தோலும் தெரியாது, புல்லும் தெரியாது. சூடு தெரிந்தால் மெசேஜ் அனுப்பிவிடும். அந்தக் கோடையின் ஆரம்பத்தில் மெசேஜ் வரும்போதெல்லாம் கோபி ஓடினான். ஒவ்வொரு முறையும் அதே குழி, அதே புகை. கடைசியில் வனவர் ராமமூர்த்திதான் சொன்னார்: “அதே எடம்னா போவாதப்பா. ‘தோல் குப்பை’ன்னு போட்டு வுடு. பெட்ரோலுக்கு நான் எங்க போவேன்?” அன்றிலிருந்து கோபி இருந்த இடத்திலிருந்தே பதில் போட்டான். டீக்கடையிலிருந்து போட்டான், சலூனிலிருந்து போட்டான். அந்த ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டுத் தட்டின் பக்கத்திலிருந்து போட்டான்.

சாப்பிட்டு முடித்துத் தட்டுக் கழுவப் பின்பக்கம் போன பூர்ணிமாவுக்குத்தான் முதலில் தெரிந்தது. புகை வந்தது. அதில் முடி கருகும் நாற்றம் இல்லை. காய்ந்த புல் வாசனை.

“என்னங்க,” என்று கூப்பிட்டாள். அவள் குரலைக் கேட்டே கோபி சட்டை போடாமல் ஓடினான்.

மலைமேல் அவளுடைய அண்ணன் சம்பத் இருந்தான். பெற்றவர்கள் போன பிறகு ஆடு மேய்த்து அவளைப் படிக்கவைத்து, கல்யாணமும் செய்துவைத்தவன். வெயில் நேரத்தில் ஆடுகளைச் சுனைப்பக்கம் நிழலில் மடக்கி வைத்திருப்பான். நெருப்பு குவாரிப் பக்கத்திலிருந்து காற்றோடு மேலே ஏறியபோது அவன் பாதி ஆடுகளை ஓட்டிக்கொண்டு கீழே இறங்கிவிட்டான். பார்த்தவர்கள் இருக்கிறார்கள். இறங்கினவன் குட்டிகளைக் காணோம் என்று திரும்பி ஏறினான்.

கோபிதான் அவனை இறக்கிக்கொண்டு வந்தான். தார்ப்பாயில் சுற்றியிருந்தது. பாரதி, சம்பத்தின் மனைவி, முகத்தைக் காட்டச் சொன்னாள்.

“வேணாம் தங்கச்சி,” என்றான் கோபி.

“அப்ப காலையாவது காட்டுங்கண்ணா.”

கோபி காலையும் காட்டவில்லை.

மறுநாள் தோல் வாங்குகிறவன் உப்பு மூட்டையோடு டிவிஎஸ்ஸில் வந்தான். ஊரில் ஆடு செத்தால் அவனுக்கு எப்படியோ தெரிந்துவிடும். செத்துக் கிடந்த ஆடுகளைக் காலால் புரட்டிப் பார்த்தான். “நெருப்பு பட்ட தோலும்மா. உப்பு வெச்சாலும் நிக்காது, எதுக்கும் ஆவாது,” என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான். எழவு வீட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் அதைக் கேட்டார்கள்.

காரியம் முடிந்த பிறகு வனவர் ராமமூர்த்தி கோபியின் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு ஸ்வீட் பெட்டி.

“ஆற்காடு வரைக்கும் போயிருந்தேன். மக்கன் பேடா. துக்க வூடுதான், இருந்தாலும் வெறுங்கையோட வர மனசு வரல,” என்று பெட்டியை டிவி மேசையில் வைத்தார்.

“உக்காருங்க சார், டீ போடறேன்,” என்றாள் பூர்ணிமா.

“சக்கர கம்மியா போடும்மா. சுகர் ஜாஸ்தியாய்டுச்சி.” நாற்காலியைக் காற்றாடிக்கு நேராக இழுத்துப் போட்டுக்கொண்டார். “கோபி, மேல இருந்து கேட்டிருக்காங்கப்பா. மத்தியானமே மெசேஜ் வந்திருக்குதே, யாரு பாத்தது, போய்ப் பாத்தாங்களான்னு.”

“நான்தான் சார் பாத்தேன். நீங்கதானே சார் சொன்னீங்க, அதே எடம்னா போவாதன்னு.”

“சொன்னேன். இல்லன்னு சொல்லலியே. எழுதிக் குடுத்தனா? பதில் எந்த போன்ல இருந்து போயிருக்குது?”

கோபி கையிலிருந்த போனைப் பார்த்தான்.

“நெருப்பு எப்படிப் புடிச்சுதுன்னு ஒரு கேள்வி இருக்குது. நீங்க ஏன் லேட்டா பாத்தீங்கன்னு இன்னொரு கேள்வி இருக்குது. முதல் கேள்விக்கு பதில் கெடச்சிட்டா ரெண்டாவத எவனும் கேக்க மாட்டான். சர்வீஸ்ல பாத்தத சொல்றேன்.”

“குவாரில இருந்துதான் சார் புடிச்சுது. கீழ இருந்து மேல எரிஞ்சிருக்குது. நான் நடந்து பாத்தேன்.”

“அப்படியே எழுது. எழுதினா இன்னா கேப்பான்? கோடை முழுக்க அங்க குப்ப எரிஞ்சிதே, நீங்க இன்னா புடுங்கிட்டு இருந்தீங்கன்னு கேப்பான். மன்னிச்சுக்கோம்மா, வாயில வந்துடுச்சி. உன் பர்மனென்ட் ஃபைலு இப்பதான் மேசைக்கு வந்திருக்குது கோபி. எடுத்து ஓரமா வெச்சான்னா, மறுபடியும் யாரு தூசி தட்டுவாங்க?”

டீயை வாங்கி ஆற்றிக்கொண்டே, வானிலை கேட்பதுபோலக் கேட்டார்: “உன் மச்சான் பீடி குடிப்பானா?”

அடுப்படியிலிருந்து பூர்ணிமாதான் பதில் சொன்னாள். “எங்கண்ணன் பீடி புடிக்க மாட்டாரு சார். வுட்டுட்டாரு.”

“எப்ப வுட்டாரு?”

“என் கல்யாணத்துல. உனக்கு இன்னா வேணும்னு கேட்டாரு. பீடிய வுட்டுடுன்னு சொன்னேன். அன்னிக்கு வுட்டவருதான்.”

“நல்ல மனுசன்.” ராமமூர்த்தி நிஜமாகவே தலையை ஆட்டினார். “ஆனா பொண்டாட்டி பீடி சுத்துது. வூடு பூரா பீடி. அவன் புடிக்க மாட்டான்னா யாரும்மா நம்புவாங்க? ஊரே அவன்தான் வெச்சான்னு பேசுது. காட்டுக்குள்ள ஆடு வுடக்கூடாதுன்னு போர்டு வெச்சாச்சு, அந்தக் கோவம் வேற. இதுல நீயும் நானும் புதுசா ஒண்ணும் சொல்லல.”

“சார், அவரு செத்துட்டாரு.”

“அதத்தான் நானும் சொல்றேன். செத்தவரு மேல கேசு நிக்காது. ஒரு ரிப்போர்ட்டு எழுதி மூடிடுவாங்க. ஆனா எழுதறவன் அத்த செத்தவரு வூட்டு ஆளு வாயால கேக்கணும். ‘அவருக்குப் பழக்கம் இருந்துதுங்க’ன்னு அந்தப் பொண்ணு ஒரு வார்த்த சொன்னா முடிஞ்சிது. நான் போய் கேக்க முடியாது. கோபியும் முடியாது. நீ நாத்தனாரு, ஒண்ணுக்குள்ள ஒண்ணு.”

“நான் கேக்க மாட்டேன் சார்.”

“கேக்காத. கேளுன்னு நான் சொன்னனா?” டம்ளரைக் கீழே வைத்தார். “வர்ற திங்கக்கிழம பெரிய ஆபீஸ்ல இருந்து ஆளு வராங்க. டீ நல்லா இருந்துச்சிம்மா.”

அவர் போன பிறகு இரண்டு பேரும் அந்தப் பெட்டியைத் தொடவில்லை. மறுநாள் எறும்பு வந்தது. பூர்ணிமா எறும்பைத் தட்டிவிட்டு, பேடாக்களை ஒரு டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு இரண்டு தெரு தள்ளியிருந்த அண்ணி வீட்டுக்குப் போனாள்.

பாரதி வாசல்படிக்கு உள்ளே, மடியில் முறத்தை வைத்து பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். தகட்டை வைத்து இலையை வெட்டி, தூளைப் பரப்பி, சுருட்டி, நுனியை மடித்து நூலைச் சுற்றினாள். பேசும்போதும் கை நிற்கவில்லை. காலடியில் மிஞ்சிய ஆடுகளில் ஒன்று படுத்திருந்தது. அதன் குளம்புகளுக்கு விளக்கெண்ணெயும் மஞ்சளும் குழைத்துத் துணி சுற்றியிருந்தாள். அது எழுந்திருக்கப் பார்க்கும். கால் தரையில் பட்டதும் கத்திவிட்டுப் படுத்துக்கொள்ளும்.

“இன்னா பூர்ணிமா, டப்பா?”

“மக்கன் பேடா அண்ணி. இவருதான் வாங்கியாந்தாரு.”

பொய் தன்பாட்டுக்கு வந்தது. பாரதி ஒன்றை எடுத்து ஒரு ஓரம் கடித்தாள்.

“கோபி அண்ணனுக்கு என்மேல எவ்ளோ பாசம் பாரு. தார்ப்பாயத் தொறக்காம வுட்டாரே, அன்னிக்கு எனக்கு ஆத்திரமா இருந்துச்சி. இப்பதான் தெரியுது. என் மனசுல அவரு நல்லபடியா இருக்கணும்னுதான் மூடி வெச்சாரு.”

பூர்ணிமா ஆட்டின் தலையைத் தடவினாள்.

“குழாயடில இன்னா பேசறாங்க தெரியுமா? ‘பீடிக்காரி புருஷன் காட்ட கொளுத்திட்டான்’னு. பேரே வெச்சிட்டாளுங்க. நான் கொடத்த வெச்சா அவளுங்க கொடத்த நவுத்தறாளுங்க. எங்கிட்ட நெருப்பு இருக்குது பாரு, ஒட்டிக்கப் போவுது.” பாரதி சிரிக்கப் பார்த்தாள். “உங்கண்ணன் எப்படி கிண்டல் பண்ணுவாரு எங்கிட்ட? ‘ஊருக்கெல்லாம் சுத்திப் போடறியே, எனக்கு ஒண்ணு குடுக்கறியா’ம்பாரு. நான் சும்மா நீட்டுவேன். மூக்குகிட்ட வெச்சி மோந்து பாத்துட்டுத் திருப்பிக் குடுத்துடுவாரு. ‘பூர்ணி திட்டும்’னுவாரு. நீ எங்கயோ ஆம்பூர்ல ஷூ தெச்சிட்டு இருப்ப. உனக்கு இங்க பயப்படுவாரு.”

அன்று பூர்ணிமா கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று வரவும் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தாள்.

கம்பெனியில் அவளுக்குத் தையல் மிஷின் வேலை, ஷூவின் மேல்பாகம் தைப்பது. பக்கத்து மிஷினில் கௌசர். இருவரும் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்கள்.

“அரே, இன்னொரு ஜோடி டேமேஜா? இப்படியே தெச்சன்னா சூப்பர்வைசர் உனக்கு மால போட்டு வூட்டுக்கு அனுப்பிடுவான்,” என்றாள் கௌசர்.

“கண்ணு எரியுது கௌசர்.”

“கண்ணு இல்ல. நீ இங்க இல்ல.” கௌசர் காலடியில் கிடந்த நீலத் தோல் துண்டு ஒன்றைச் செருப்பால் ஒதுக்கினாள். “இது எங்க போவுது சொல்லு? உங்க ஊருக்குத்தான். சாயங்காலம் டிராக்டர்ல ஏத்தறாங்களே, நான் பாக்கறேன்ல. கேன்டீன்ல ஒருத்தன், ஆடு மேய்க்கறவன் பீடி போட்டான், காடு போச்சுன்னான். நல்லா குடுத்தேன். நீ பாத்தியாடா, பக்கத்துல உக்காந்து தீப்பெட்டி நீட்டினியான்னு கேட்டேன். கத்தரிக்காய அப்படியே வெச்சிட்டு எழுந்து போய்ட்டான்.”

பூர்ணிமா சிரிக்கவில்லை.

“நான் எவனோடயோ சண்ட போடறேன். கூடப்பொறந்தவ, நீ ஏன் வாயே தொறக்கல?”

“தொறந்தா இவருக்கு வேல போய்டும்.”

மிஷின் சத்தத்தில் அவள் சொன்னது பாதிதான் கேட்டிருக்கும். ஆனாலும் கௌசர் மிஷினை நிறுத்தினாள். பூர்ணிமா மெதுவாக எல்லாவற்றையும் சொன்னாள். மெசேஜ், வனவர், பாரதி சொல்ல வேண்டிய அந்த ஒரு வார்த்தை. ‘உக்காருங்க, சோறு ஆறுது’ என்று தான் சொன்னதை மட்டும் சொல்லவில்லை.

கௌசர் கொஞ்ச நேரம் நூல்கண்டைத் திருப்பிக்கொண்டிருந்தாள். “சரி. வாய மூடிக்கோ. நானா இருந்தாலும் மூடிக்குவேன், உங்கிட்ட பொய் சொல்ல மாட்டேன். புள்ளகுட்டி வேணும்னு ஆஸ்பத்திரிக்கு நடக்கறீங்க, வேல வேணும்தான். ஆனா அவகிட்ட போய் கேட்டுடாத பூர்ணிமா. அத்த மட்டும் பண்ணாத.”

“கேக்க மாட்டேன்.”

“மூஞ்சிய பாத்து சொல்லு.”

பூர்ணிமா ஊசியில் நூல் கோத்தாள்.

வீட்டில் கோபி மாறிப்போயிருந்தான். இப்போதெல்லாம் போன் ஒலித்தால் போதும், சோற்றில் கை வைத்திருந்தாலும் எழுந்து ஓடினான். குவாரி அணையவேயில்லை. டிராக்டர் வருவதும் நிற்கவில்லை. ஓடிப்போய், குழியின் ஓரத்தில் நின்று பார்த்து, ‘தோல் குப்பை’ என்று பதில் போட்டுவிட்டுத் திரும்பி வருவான். வந்ததும் குளிப்பான். குளித்த பிறகும் அவன் தலைமுடியில் அந்த நாற்றம் இருக்கும். பூர்ணிமா ஒன்றும் சொல்லாமல் துண்டால் அவன் தலையைத் துவட்டிவிடுவாள்.

சனிக்கிழமை சாயங்காலம் அப்படித் துவட்டிக்கொண்டிருந்தபோது அவன் சொன்னான்: “நானே போய் சொல்லிடறேன் பூர்ணி.”

“இன்னான்னு?”

“புள்ளி மேல காட்டுச்சி, பாத்தேன், போவலன்னு.”

“ஏன் போவலன்னு கேப்பாங்க.”

“சோம்பேறித்தனம்னு சொல்லுவேன்.”

“பொய்தானே அது. நான்தானே உக்கார வெச்சேன்.”

கோபி அவள் கையைப் பிடித்துத் துண்டை வாங்கினான். “அத்த யாருகிட்டயும் சொல்லாத. உங்கண்ணி காதுல வுழவே கூடாது. என்ன இன்னா வேணா சொல்லிக்கட்டும். உன்ன ஒரு வார்த்த சொன்னா நான் தாங்க மாட்டேன்.”

அவள் அவன் தோளில் முகத்தை வைத்து அழுதாள். அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தான். அந்த வீட்டில் இரண்டு பேருக்கு நடுவே அவ்வளவு அன்பு இருந்தது. அதில் மூன்றாவது ஆளுக்கு இடமில்லை.

“நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம்,” என்றாள் பூர்ணிமா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. “நான் பாத்துக்கறேன்.”

எதைப் பார்த்துக்கொள்வாள் என்று கோபி கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். கோயிலுக்குப் போவதைப்போல மறுநாள் காலையிலேயே தலைக்குக் குளித்துவிட்டு அவள் கறி வாங்கப் போனதைப் பார்த்தான். அப்போதும் கேட்கவில்லை. வெங்காயம் உரித்துக் கொடுத்தான்.

அவள் சீரகச் சம்பாவைக் களைந்து ஊறவைத்தாள். காய்ந்த மிளகாயை வெந்நீரில் போட்டு அரைத்தாள். சம்பத்துக்குக் கறியைவிடக் கத்திரிக்காய்தான் பிடிக்கும். புளியும் எள்ளும் சேர்த்து, எண்ணெய் பிரிகிற வரைக்கும் வதக்கினாள். பெரிய தூக்கில் பிரியாணியும், சின்னதில் கத்திரிக்காயும் எடுத்துக்கொண்டாள். தேங்காய் எண்ணெயும் சீப்பும்கூட எடுத்துக்கொண்டாள்.

பாரதி மூடியைத் திறந்ததும் வாசனை வீட்டை நிறைத்தது.

“அன்னிக்கும் இதே செஞ்சியாமே. மேல போவும்போது சொல்லிட்டுத்தான் போனாரு. ‘பூர்ணி வூட்டுல பிரியாணி, எறங்கிவந்து சாப்பிடறேன், நீ எனக்கு ஆக்காத’ன்னு.”

“அவருக்குன்னு எடுத்து வெச்சிருந்தேன் அண்ணி.”

“அது இன்னா ஆச்சி?”

பூர்ணிமாவுக்கு ஞாபகம் வரவில்லை. யாரோ அதை நாய்க்குக் கொட்டியிருப்பார்கள்.

பாரதி சாப்பிட்டாள். இத்தனை நாளில் அவள் வயிறார ஒன்றும் சாப்பிடவில்லை. இப்போது பசித்தவள்போல, தலையைக் குனிந்துகொண்டு, கத்திரிக்காயைப் பிசைந்து சாப்பிட்டாள். நடுவில் ஒரு தடவை நிமிர்ந்து, “காரம் ஜாஸ்தி, ஆனா நல்லாருக்குது,” என்றாள். கையில் இருந்ததில் ஒரு பருக்கையை ஆட்டுக்கு நீட்டினாள். ஆடு முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. “கறி வாசனைடி இதுக்குப் புடிக்கல. இதோட சொந்தக்காரன் யாருனா இருப்பான்,” என்றாள். இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். சம்பத் போன பிறகு அந்த வீட்டில் யாரும் சிரித்தது அப்போதுதான்.

சாப்பிட்டு முடித்ததும் பூர்ணிமா அவளைத் தரையில் உட்காரவைத்து, தான் பின்னால் பலகையில் உட்கார்ந்து, தலையில் எண்ணெய் வைத்தாள். முடி சிக்குப் பிடித்துக் கிடந்தது. நுனியிலிருந்து மெதுவாக, வலிக்காமல் சிக்கெடுத்தாள். வெளியே வெயில் தகித்தது. காற்று குவாரிப் பக்கத்திலிருந்து திரும்பி, அந்த நாற்றத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தது. பாரதி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

“நாளைக்கு வராங்களாமே பூர்ணிமா, பெரிய ஆபீஸ்ல இருந்து.”

“ஆமா அண்ணி.”

“இன்னா கேப்பாங்க?”

“தெரியல.”

“பீடிதான் கேப்பாங்க. அந்த ராமமூர்த்தி சாரு தெருவுல நின்னு என் முறத்தையே பாத்துட்டுப் போனாரு. கேக்கட்டும். எனக்கு பயமில்ல.” பாரதி தலையைப் பின்னால் சாய்த்து அவள் முழங்காலில் வைத்துக்கொண்டாள். “நான் சொல்லுவேன், இல்லீங்க சார், அவரு வுட்டுட்டாரு, அவரு தங்கச்சி கேட்டான்னு வுட்டாரு, சந்தேகம்னா அந்தத் தங்கச்சியையே கேளுங்கன்னு. நீ எம்பக்கத்துல உக்காந்துக்கோ. நான் பீடிக்காரி, எம்பேச்ச நம்ப மாட்டாங்க. நீ படிச்சவ, கம்பெனிக்குப் போறவ. கோபி அண்ணனும் அவங்க ஆபீஸ்லயே இருக்காரு. நீ சொன்னா நம்புவாங்க.”

சீப்பு நின்றது.

“லீவு கெடைக்காதா நாளைக்கு? ஒரு மணி நேரம் வந்தா போதும். ஊர்ல எல்லாரும் அவருதான் வெச்சாருன்னு சொல்றாங்க. எனக்கே ராத்திரில ஒரு நேரம் மனசு கொழம்புது, நமக்குத் தெரியாம புடிச்சாரோன்னு. காலைல எழுந்தா உன் மொகம்தான் ஞாபகம் வரும். நீ ஒருத்தி நம்பறல்ல, அது போதும்னு முறத்த எடுத்து வெச்சிட்டு உக்காந்துடுவேன்.”

பூர்ணிமா சீப்பில் சுற்றியிருந்த முடியை எடுத்து உருட்டினாள். எழுந்துபோய் முன்னால் உட்கார்ந்தால் அண்ணியின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். அதனால் இருந்த இடத்திலேயே இருந்தாள். பாரதியின் தலை அவள் முழங்காலில் கனமாக, சூடாக இருந்தது. மூன்று கால் பிரித்துப் பின்னத் தொடங்கினாள். பாதிப் பின்னலில் கையை நிறுத்தாமலேயே கூப்பிட்டாள்.

“அண்ணி.”

“உம்?”

“நாளைக்கு அவங்க கேட்டா, அண்ணன் எனக்குத் தெரியாம திருட்டுத்தனமா பீடி புடிப்பாருன்னு சொல்லிடுங்க அண்ணி.”